ஒரே ஒரு தோப்புக்கரணம்

கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், காலில் செருப்பு இல்லை என்பது அரங்கசாமிக்கு உறைத்தது.

கோயிலுக்குள் யார் காலிலும் செருப்பு இல்லைதான். ஆனால் ஒரு மாதமாக அவர் தோப்புக்கரணம் பழகியதே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான்.

திரும்பிப் பார்த்தார். வாசலில், ஊர்ச் செருப்புகளுக்கு நடுவே, அது மட்டும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு துரைசாணி மாதிரி நின்றது.

எதிரே பிள்ளையார். பின்னால் ஊர்.

தேர்தலுக்கு முன்னால் இதே இடத்தில் மைக் செட் வைத்துத்தான் வேண்டிக்கொண்டார். பஞ்சாயத்து போர்டு பிரசிடென்ட் ஆகிவிட்டால், எத்தனை ஓட்டு வித்தியாசமோ அத்தனை தோப்புக்கரணம். ஊர் கை தட்டியது. அவரால் ஒன்றுகூடப் போட முடியாது என்பது மனைவி பங்காரம்மாவுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

குந்தப் போனால் போதும். சம்பந்தியம்மாக்கள் இரகசியம் பேசுவதுபோல முழங்கால்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். அதோடு ஆள் மல்லாந்துவிடுவார்.

உடுமலைப்பேட்டை டாக்டர் பாதத்தைப் பார்த்துத் தட்டைப் பாதம் என்றார். வைத்தியர் பாதத்தைப் பார்க்காமலே வாயு என்றார். பங்காரம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "குனிஞ்சு ஒரு வேல செஞ்சிருந்தாத்தானுங்க காலு மடங்கும்" என்றாள்.

கோயமுத்தூரில் தேகப்பயிற்சிக் கூடம் நடத்திய ரசாக்தான் கணுக்காலைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். "முட்டியத் திட்டாதீங்க நாயுடு. கணுக்காலு மடங்கமாட்டேங்குது. முட்டி பாவம், உள்ள ஓடி ஒளியுது."

குதிகாலில் கனமாகத் தோல் அடுக்கி ஒரு செருப்புத் தைக்கச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு குந்தினால், ஆகா! மோட்டார் ரூமுக்குப் பின்னால், தென்னை மரங்கள் சாட்சியாக, நூல் பிடித்தாற்போல இறங்கி ஏறினார் அரங்கசாமி.

பயிற்சி எதற்கென்று ரசாக் கேட்டபோது மட்டும் கூச்சப்பட்டு, "சும்மா, ஒடம்புக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டார். கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அப்போதே சிரித்திருப்பார்.

பிள்ளையாரும் கருணை காட்டினார். ஓட்டு எண்ணி முடித்தபோது வித்தியாசம் ஒன்றே ஒன்று.

"அந்த ஒத்த ஓட்டு பிள்ளையாரே வந்து போட்டதுங்க" என்று சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தோற்றவர் வேறு யாருமில்லை. பங்காரம்மாவின் அண்ணன் வேங்கடசாமிதான். "ஜெயிச்சாப் போதாதுங்க, மாப்பிள்ளை குந்தி எந்திரிக்கோணும். அதப் பாக்க நான் மொத ஆளா வருவேன்" என்று தேர்தல் மேடையிலேயே பேசியவர். அந்தக் கோபத்தை அரங்கசாமி வீட்டில்தான் காட்டினார். "நான் மட்டும் தோத்தேன்னா, நீ மூட்டையக் கட்டிக்கிட்டு உங்கண்ணன் ஊட்டுக்கே போயிரு!"

சொன்னபடி வேங்கடசாமி இப்போது முதல் வரிசையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

இங்கே விழுந்தால் யாரும் பிரசிடென்ட் என்று கூப்பிடமாட்டார்கள். வேறு பெயர் வைத்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் ஒருவனுக்குப் பெயர் வைத்தால் அது சுடுகாடு வரைக்கும் கூடவே வரும்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களே, பொசுக்குனு போட்டுப்போட்டு வாங்க. பொங்கல் ஆறுது" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

அரங்கசாமி மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

பாதி தூரம் பிரசிடென்டாகவே இறங்கினார். அதற்குக் கீழே முழங்கால்கள் தங்கள் இரகசியத்தைப் பேசத் தொடங்கிவிட்டன. குதிகால் கிளம்பியது. பிள்ளையார் மறைந்தார். மேலே கூரை தெரிந்தது.

முதுகை இரண்டு கைகள் தாங்கின.

வேங்கடசாமி.

ஊர் சிரிக்க வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே நின்று தம் காதுகளைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்குக் காலு சுளுக்கிக்கிச்சுங்க. மச்சான் போட்டாலும் கணக்குத்தானுங்களே?"

பொங்கல் ஆறுவது பூசாரிக்கும் தெரியும். தலையை ஆட்டினார்.

"ஏனுங்க மச்சான்," அரங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "எனக்கு உழுந்த ஓட்டுக்கு நீங்க எதுக்குங்க தோப்புக்கரணம் போடோணும்?"

"அந்த ஒத்த ஓட்டே நான் போட்டதுதானுங்க," என்றார் வேங்கடசாமி, பிள்ளையாரைப் பார்த்தபடியே. "என்ன பண்றதுங்க? என் தங்கச்சிக்கும் எங்கூட்டுக்காரிக்கும் ஒரே அடுப்புல ஆகாதுங்க."

சொல்லிவிட்டுக் குந்தினார். அவருடைய முழங்கால்கள் கதவுபோல இரு பக்கமும் திறந்தன. குதிகால்கள் ஆணி அடித்ததுபோலத் தரையில் இருந்தன.

அரங்கசாமி குந்தவில்லை. காதுகளை விடவும் மறந்து நின்றுகொண்டுதான் இருந்தார்.

நின்றபடியே, அவருடைய முழங்கால்கள் இரண்டும் மெல்ல உள்ளே சாய்ந்தன.