வலது சக்கரம்

கிழக்கேகோட்டையில் ஷிஜா வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்கு, ரிட்டயரான பிச்சுமணி ஆறு மாதமாகத் தினமும் வந்துகொண்டிருந்தார். ரோபோ செய்யக் கற்றுத்தரும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒரு சந்தேகத்தை எழுதிப் போடுவார். மறுநாள் வந்து, பதிலை நாலைந்து தடவை படிப்பார்.

அன்று தன் புரோகிராமிலிருந்து அவர் ஒரு வரியை அழிப்பதை ஷிஜா கவனித்துவிட்டாள். அவள் பி.சி.ஏ. படித்தவள்.

“சாரே, சரியாத்தானே இருந்துச்சு? எதுக்கு அழிக்கிறீங்க?”

“வலது சக்கரம் சுத்தலைன்னு கேக்கணும்மா.”

வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். கேள்வியை அனுப்பிய அவர் பக்கத்தை மூடாமலே கிளம்பிப் போனதும், மனது கேட்காமல் அதன் கீழே எழுதினாள்: ‘விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டேன். சக்கரம் சுற்றுகிறது. நன்றி.’

மறுநாள் பதிலை அவளே படித்துக் காட்டினாள்.

‘சந்தோஷம், மிஸ்டர் யூசுப். இப்போதெல்லாம் இங்கே கேள்வி கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்காகத்தான் இந்தப் பக்கத்தை வைத்திருந்தேன். இனி நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். இன்றோடு மூடிவிடுகிறேன்.’

ஷிஜா நிமிர்ந்தாள். “யூசுப்புன்னு போட்டிருக்கே. சாரோட பேரு பிச்சுமணியல்லே?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் பேரைப் போட்டா அவன் பதில் எழுதமாட்டான்மா. அவன் அம்மா போனதுலேர்ந்து, என் பிள்ளை எங்கிட்டே பேசறதில்லே.”