அரைக் குளிசை

முகப்பவுடர்த் தகரப் பேணிக்குள் மருந்துக் குளிசை இருந்தது. முப்பத்தொரு துண்டு. எல்லாமே அரை அரையாக வெட்டினவை. பேணியில் மருந்தின் பேருமில்லை, சுற்றின கடதாசியுமில்லை.

அலுமாரியின் அடித்தட்டில், கணவனின் பழைய சாரங்களுக்குக் கீழே, புஸ்பராணி அதைக் கண்டெடுத்தாள்.

முதலில் வந்தது பயம். போன கிழமைதான் பக்கத்து ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு. வீட்டில் மருந்து கூடுதலாக இருந்ததென்று ஒரு மனுசனை ஏற்றிக்கொண்டு போனவர்கள் இன்னும் விடவில்லை.

அடுத்து வந்தது சந்தேகம். சீனன்குடாவில் கிளாக்கர் வேலை பார்க்கும் கணவன் இரத்தினசிங்கம் மாதமொரு தடவை லோஞ்ச் படகேறி அக்கரையிலுள்ள கட்டைபறிச்சானுக்குப் போய் வருகிறார். வயல் குத்தகை என்கிறார். ஒரு சாக்கு நெல்லும் வந்ததில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? புஸ்பராணிக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒருவருமில்லை. யார் விசாரித்தாலும் அப்படித்தான் சொல்வாள்.

நாலு துண்டைக் கோயில் திருநீற்றுப் பொட்டலத்துக்குள் புதைத்துக்கொண்டு புறப்பட்டாள். சந்திக் காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரன் பொட்டலத்தைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். நேரே பாயிசின் மருந்துக்கடைக்குப் போனாள்.

"என்ன குளிசை எண்டு பாத்துச் சொல்லுங்கோ தம்பி. வீட்டிலை கிடந்தது."

பாயிஸ் துண்டுகளில் ஒட்டியிருந்த திருநீற்றை ஊதினான். "நல்ல காலம் அக்கா, நெத்தியிலை பூசேல்லை."

அவள் சிரிக்கவில்லை.

போத்தலொன்றிலிருந்து முழுக் குளிசை எடுத்து வைத்து, பக்கத்தில் இரண்டு துண்டைப் பொருத்திப் பார்த்தான். ஒரே அளவு, மேலே பொறித்திருந்த எழுத்தும் ஒன்று.

"பிறசர் குளிசை. அண்ணைக்கு நான் குடுக்கிறதுதான். சேவ் எடுக்கிற பிளேட்டாலை வெட்டியிருக்கு."

சீனன்குடாக் கந்தோரில் வைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பதாக அவர் சொல்வார். அவள் கண்ணால் கண்டதில்லை.

நாளுக்கு ஒன்று முழுசாகக் குடிக்கவேண்டும், அரை குடித்தால் தலை சுற்றும், விழுந்தால் கை கால் இழுத்துவிடும் என்றான் பாயிஸ். போன மாதம் அவர் கிணற்றடியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவு வந்தது. வெயில் என்றார்.

"அப்ப மற்ற அரை ஆருக்கு?"

பாயிஸ் குரலைத் தாழ்த்தினான். அக்கரையில் மருந்தில்லை, ஆமி போகவிடுவதில்லை. அங்குள்ள நோயாளிக்கு இங்கிருந்து அனுப்புவதென்றால் இரத்த உறவு ஒருவர் கிராம அதிகாரியான விதானையாரிடம் கையெழுத்து வைத்துக் கடிதம் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் இறங்குதுறையில் பறித்துவிடுவார்கள். தன் பேருக்குள்ள மருந்தை மட்டும் தன்னோடு கொண்டுபோகலாம்.

"அண்ணை வந்து கேட்டவர், மச்சானுக்கு மச்சான் கையெழுத்து வைச்சாச் செல்லுமோ எண்டு. செல்லாது எண்டனான். அக்காவின்ரை தம்பியோ எண்டும் கேட்டனான்."

"அதுக்கு?"

"அவவுக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தருமில்லையாம் எண்டு சிரிச்சவர். போகேக்கை ஒரு பிளேட் வாங்கிக்கொண்டு போனவர்."

ஒருத்தன் இருந்தான். கட்டைபறிச்சானில், சின்னராசா. ஆறு வருசத்துக்கு முன் தாய்க்குக் கொள்ளி வைக்க வரவில்லை. கடல் தடை, லோஞ்ச் ஓடவில்லை என்று எட்டாம் நாள் எட்டுச்செலவன்று வந்து அழுதான். அவனை வாசலிலேயே நிறுத்தி, எனக்குத் தம்பியில்லை என்று திருப்பி அனுப்பியவள் புஸ்பராணி. அன்றைக்குக் கொள்ளி வைத்தது இரத்தினசிங்கம்.

பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். தன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பவில்லை.

இராசையா விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை எடுத்தார். நோயாளியின் பேர், ஊர், வயது எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். உறவு முறை என்ற இடத்தில் பேனை நின்றது.

"இரத்த உறவெண்டால்தான் பிள்ளை கடிதம் தரலாம். உமக்குத்தான் கூடப்பிறந்தவை ஒருத்தருமில்லையே."

"ஆர் சொன்னது?" என்றாள் புஸ்பராணி, கையெழுத்து வைக்கப் பேனையை வாங்கியபடி.