மதில் தாண்டிய மின்சாரம்

ஒரு வீட்டுக் கூரையின் சோலார் தகட்டில் விளையும் மின்சாரம் அந்த வீட்டு மதிலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதனால், ஊரே மின்தடையில் கிடந்த அந்த நண்பகலிலும், ஆட்டோ ஓட்டும் மரியபுஷ்பம் தன் கூரையிலிருந்து பக்கத்து வீட்டுக்கு இழுத்திருந்த வயரை மின்வாரிய அதிகாரி வெட்டினார். அங்கே காசிம் மாமாவின் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுபோனது.

"வயருதான சார் தாண்டக் கூடாது?" என்றவள், காலையிலிருந்து தன் வீட்டுக் கூரையின் வெயில் மின்சாரத்தைக் குடித்திருந்த பேட்டரி ஆட்டோவை ஓட்டிப்போய் மாமாவின் முற்றத்தில் நிறுத்தினாள். வாங்கிய மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் பேட்டரிக்குத் தெரியும். பிளக்கைச் செருகியதும் இயந்திரம் உறுமியது; மாமாவின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது.

"ஏம்மா, இதுவும் உங்க கூரை மின்சாரம்தான!" அதிகாரி கத்தினார்.

"ஆமா சார், கேஸ் எழுதுங்க. அதுக்கு முன்னால சொல்லுங்க, வாசல்ல நிக்கிற உங்க வண்டி எந்தக் கூரையில சார்ஜ் ஏறி இங்க வந்துச்சு?"