வலி: ஒன்று

பிரசவ அறைக் கதவை மெஷின்தான் திறக்கும். குரலைக் கேட்டு வலியை அளந்து, அதிகம் கத்துகிறவளை முதலில் உள்ளே விடும்.

மருதிக்கு மூன்றாவது முறையும் ‘வலி: ஒன்று’ என்றே வந்தது. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. தரையில் ரத்தம் சொட்டியது.

“கொஞ்சம் கத்தச் சொல்லும்மா. மெஷின் சொல்லாம எனக்கும் கதவு திறக்காது,” என்றார் நர்ஸ், கூட வந்தவளிடம்.

“எங்க மலையில பிரசவத்துக்கு யாரும் கத்த மாட்டாங்க,” என்றாள் மருதியின் நாத்தனார் நஞ்சி.

சொட்டுகள் ஒன்றுசேர்ந்து ஓடத் தொடங்கின. நஞ்சி குனிந்து, மருதியின் முகத்துக்கு நேரே இருந்த மைக்கில் அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

‘வலி: பத்து.’ கதவு திறந்தது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது மருதி அவள் கையைப் பிடித்தாள்.

“ஏன் நஞ்சி கத்துன? உள்ள இருக்கிற புள்ள பயந்துக்கும்ல.”