மணி அடிக்காமல் நகராத லாரி

"இன்னாப்பா ஏனோக்கு, இஞ்சின் ஸ்டார்ட் ஆயி எவ்ளோ நேரமாச்சு? வண்டி ஏன் நவுர மாட்டேங்குது?"

ஆண்டர்சன்பேட்டை வெங்காய மண்டி பாண்டுரங்கன் லாரிக் கதவைத் தட்டினார். உள்ளே ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஏனோக் அசையவில்லை.

"மணி அடிக்கலீங்களே மொதலாளி."

"இன்னா மணி?"

"சுரங்கத்துல மணி அடிக்காம கேஜு நவுராதுங்க. அதே பழகிப்போச்சு."

பாண்டுரங்கனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஏனோக் ஒரு காலத்தில் பேர்போன லாரி டிரைவர்தான். மொகிலி மலை இறக்கத்தில் ஒருநாள் பிரேக் போய், முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மெதுவாக இறங்கி நடந்தே வீடு வந்து சேர்ந்தவன், அதோடு ஸ்டீரிங்கைத் தொடவில்லை. தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜு என்ற இரும்புக் கூண்டுக்கு மணி அடிக்கும் வேலையில் பத்து வருஷத்தை ஓட்டிவிட்டான்.

இப்போது நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது, இனி கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையோடு சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகிறது.

"என் வண்டிய ஓட்டு. மண்டிக்குப் பின்னால ரூம் இருக்குது, குடும்பத்தோட தங்கிக்கோ" என்று சொன்னவர் பாண்டுரங்கன்தான். ஒரே ஒரு நிபந்தனை. பங்காருபேட்டை கூட்ஸ் ஷெட்டில் வந்து கிடக்கும் வெங்காயத்தை இன்று மத்தியானத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முடியாதென்றால், எதிர் டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கும் மரியகுழந்தை தயார். அவனும் டிரைவர். அவனுக்கும் வேலை இல்லை.

பாண்டுரங்கன் மண்டிக்குள் போய் எடைக்கல்லை எடுத்து வந்தார். லாரித் தகரத்தில் 'டங், டங், டங்' என்று மூன்று அடி அடித்தார்.

"மணி அடிச்சாச்சு. போ."

"மூணு மணின்னா ஆளுங்க ஏறியாச்சுன்னு அர்த்தங்க. இதுல நான் ஒருத்தன்தானே கீறேன்?"

"சரி, காலி வண்டிக்கு எத்தினி மணி? அதையும் அடிச்சுத் தொலைக்கிறேன்."

"அதுக்குக் கீழேருந்து பதில் மணி வரணுங்க."

டீக்கடையே சிரித்தது. ஏனோக் சிரிக்கவில்லை. அவன் சட்டை காலர் வேர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது.

அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் அவன் மனைவி லூயிசா. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா மொதலாளி, போயும் போயும் இந்த ஆளை நம்பியா வண்டியக் குடுத்தீங்க?"

"ஏய் லூயிசா! வாய மூடு!"

"நான் ஏன் மூடணும்? லாரி டிரைவரு, லாரி டிரைவருன்னு சொல்லித்தான் எங்கப்பா உன்னை என் தலையில கட்டினாரு. எல்லாரும் வந்து பாருங்க! நிக்கிற வண்டிய எவ்ளோ அழகா ஓட்டுறாரு, பாருங்க!"

பஜாரே கூடிவிட்டது. ஏனோக்கின் முகம் சிவந்தது. பாண்டுரங்கனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. பெண்டாட்டியா இவள், பிசாசா?

லூயிசா விடுகிற மாதிரி இல்லை. "இது ஆவறதில்ல மொதலாளி. அந்த மரியகுழந்தை அண்ணனை ஏத்தி அனுப்புங்க. டிரைவருன்னா அதுதான் டிரைவரு. இந்த ஆளுக்கு ஒரு மாட்டு வண்டி பாத்துக் குடுங்க. மாடாவது வழி தெரிஞ்சு போவும்."

மரியகுழந்தை பீடியைப் போட்டு மிதித்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தான்.

"எவன்டா அவன், என் வண்டியத் தொடறவன்?"

ஏனோக் போட்ட சத்தத்தில், வைத்த அடியை மரியகுழந்தை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டான். கியர் விழுந்தது. லாரி பாய்ந்த பாய்ச்சலில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். மணியாவது, பதில் மணியாவது!

"வந்து வச்சிக்கிறேன்டீ உன்னை!" என்ற குரல் மட்டும் புழுதிக்குள்ளிருந்து கேட்டது.

மத்தியானத்துக்கு முன்பே லாரி திரும்பிவிட்டது. குறுகலான சந்துக்குள் ரிவர்ஸிலேயே வந்து, சுவரில் உரசாமல் கிடங்கு வாசலில் நின்றது. ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. பாண்டுரங்கன் அவனைக் கட்டிப்பிடிக்காத குறைதான். அங்கேயே ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"அவ மூஞ்சியில கரியப் பூசணும்னே ஓட்டினேன் மொதலாளி" என்றான் ஏனோக். மண்டி வாசலில் உட்கார்ந்திருந்த லூயிசாவை ஏறெடுத்தும் பார்க்காமல் நடந்தான். சாப்பாட்டுத் தூக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

பாண்டுரங்கனால் பொறுக்க முடியவில்லை. நேரே அவளிடம் போனார்.

"இன்னாம்மா பொம்பள நீ? எத்தினி வருசம் கழிச்சு வண்டி ஏறுற மனுசன்! ஊரே பாக்கிறப்போ இப்படியா மானத்த வாங்குவே? நாலு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்பக் கூடாது?"

லூயிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்னது உறைத்துவிட்டது என்று பாண்டுரங்கனுக்குத் திருப்தி.

"நாளைக்கு எந்த ஊருக்குங்க லோடு?" என்றாள்.

"சேலத்துக்கு. அது எதுக்கு உனக்கு?"

"கோவம் வந்துட்டா அவருக்குப் பயம் மறந்துபூடும் மொதலாளி. சேலம் எவ்ளோ தூரம்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தக்கபடி திட்டி அனுப்புவேன்."