தானே விழித்த புளூடூத்

முன்பெல்லாம் புளூடூத்தை ஒரு தட்டுத் தட்டினால் அணைந்தே கிடக்கும். போன வாரம் அப்டேட் ஆனதிலிருந்து, ராத்திரி அணைத்தாலும் விடிந்ததும் தானே விழித்துக்கொள்கிறது. யார் கேட்டார்கள் இந்த வசதியை? பெரியம்மாவைப் பேருந்து நிலையத்தில் விடப் போகும் வழியில் வானதிக்கு அது மறந்துபோனது. சிக்னலில் நின்றபோது, தங்கை அனுப்பிய குரல்பதிவைத் தட்டிவிட்டு போனைக் காதில் வைத்தாள். கார் ஸ்பீக்கர் முழங்கியது: “நீ சொன்ன மாதிரி பெரியம்மா ஒட்டுனா விடாதுடி. ஒருவழியா கெளம்புதா?”

வானதி திரையிலிருந்த நீல வட்டத்தைக் குத்திக் குத்தி அணைத்தாள். பெரியம்மா மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டாரிடம்கூட “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், பேருந்துப் படியில் ஏறித் திரும்பினார்.

“போறேன் கண்ணு” என்றார்.