அளவெடுத்துப் பின்னிய காலுறை

தலைமைக் குமாஸ்தா வாலண்டைனின் சப்பாத்து லண்டனிலிருந்து வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அதைக் கேட்டுக் கேட்டுப் புளிக்காத காது இல்லை.

"லண்டன் சப்பாத்துக்குள்ள கடைக் காலுறையா? அதுவும் ரெண்டு சோடி, ஒண்ணு மேல ஒண்ணா?" என்றாள் மனைவி கெர்ட்ரூட்.

"அதுதான் லண்டன் ஸ்டைல். உனக்கென்ன தெரியும்?"

கெர்ட்ரூட் விடவில்லை. கணவரின் கணுக்கால், குதிகால், பெருவிரல் எல்லாவற்றையும் நாடா வைத்து அளந்து, குரோஷா ஊசியால் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டு ஒரு சோடி பின்னினாள். காலில் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இது மட்டும் போதுங்க. இன்னொண்ணு போட்டா அசிங்கமா புடைக்கும்."

வாலண்டைன் திருதிருவென்று விழித்தார். ஆனால் அன்று ரயில்வே விளையாட்டு விழா, ரயில்வேயின் வெள்ளைக்காரத் துரை வருகிறார். புதுக் காலுறையைக் காட்டும் ஆசை ஜெயித்தது; அதை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

துரை நாயோடு காரைவிட்டு இறங்கியதும், மாலையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடினார் வாலண்டைன். பாதி வழியில் வலது சப்பாத்து கழன்று புல்லிலேயே நின்றுவிட்டது. கட்டம் போட்ட காலுறை மட்டும் துரையிடம் போய்ச் சேர்ந்தது.

"காலுறை கச்சிதமாத்தானே இருந்துச்சு!" என்று கூட்டத்தில் நின்று பதறினாள் கெர்ட்ரூட்.

நாய் ஓடிவந்து சப்பாத்தை மோந்து பார்த்தது. வாலை ஆட்டியது. தினமும் செய்கிற வேலைபோல் அதைக் கவ்விக்கொண்டு போய்த் துரையின் காலடியில் வைத்தது.

துரை குனிந்து பார்த்தார். "இதைத் தூக்கிப் போடச் சொல்லி என் சமையல்காரனிடம் கொடுத்தேனே!"

கணவர் பொய் சொல்லவில்லை என்று கெர்ட்ரூட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. சப்பாத்து லண்டனிலிருந்துதான் வந்திருக்கிறது, துரையின் காலில்.